இருதய ரண சிகிச்சைக்குப் பின் மூச்சுக்கு ஒரு துணை

நெஞ்சைத் திறந்து இருதயத்தில் ரண சிகிச்சை செய்யப்பெற்ற ஒருவரை மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ காணச் செல்லும் உறவினர், அவருடைய மூக்கையும் வாயையும் சேர்த்து மூடியிருக்கும் முகமூடியையும், அதனோடு இணைந்த தடித்த குழாயையும், பக்கத்தில் ஓயாது சீறும் யந்திரத்தையும் கண்டு திகைத்து நின்றுவிடுவது உண்டு. “யந்திரம் வைத்துவிட்டார்களா? இனி என்ன இருக்கிறது?” என்று அங்கேயே கண்ணீர் விடுவோரும் உளர். 2020, 2021 ஆகிய கொரோனா ஆண்டுகளில் ‘வெண்டிலேட்டர்’ என்ற சொல்லை நம் மக்கள் கேட்ட விதம் அப்படிப்பட்டது. அச்சொல்லோடு சாவின் நினைவும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த அச்சத்தால் விளையும் கேடு சிறிதன்று. நோயாளி தாமே முகமூடியைப் பிடுங்கி எறிகிறார். கையொப்பமிட வேண்டிய மகன், ஊரிலிருக்கும் பெரியவர்களைக் கேட்டுச் சொல்வதாகக் கூறி இரவைக் கழிக்கிறான். அந்த ஓரிரவு சில சமயம் மிகவும் விலையுள்ளதாக இருந்துவிடுகிறது. ஆகவே, தொண்டையில் குழாய் செருகாமல் முகமூடி வழியே அளிக்கப்படும் சுவாச உதவி என்பது யாது, அது எதற்கு, எதுவரைக்கும் பயன்படும் என்பவற்றை அங்கத்தினர்கள் முன்னதாகவே அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். இருதய ரண சிகிச்சை நடக்கும்போது நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, யந்திரத்தைக் கொண்டே சுவாசிக்கச் செய்வார்கள். சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும்போதும் அக்குழாய் இருக்கும். இது எல்லோருக்கும் உள்ளதே. ஆபத்தின் அறிகுறி அன்று. பெரும்பாலோருக்கு அன்றோ மறுநாள் காலையிலோ அதை எடுத்துவிடுவார்கள். எடுத்த பின்னர்த் தாமே மூச்சு விடும் நோயாளிக்கு அம்மூச்சு போதாமற்போனால், அல்லது போதாமற்போகக்கூடும் என்று டாக்டர் கருதினால், அப்போது வருவதுதான் முகமூடி. முன்னது நோயாளிக்குப் பதிலாக மூச்சு விடுகிறது. பின்னது அவர் விடும் மூச்சுக்குத் தோள் கொடுக்கிறது.

மூச்சு ஏன் போதாமற்போகிறது? ரண சிகிச்சை இருதயத்திலேதானே நடந்தது, நுரையீரலை ஒருவரும் தொடவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நம் நுரையீரல்களில் 30 கோடிக்குக் குறையாத நுண்ணிய காற்றுப் பைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரை எல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு கஜப் புடவைகள் பத்துப் பன்னிரண்டைப் பக்கம் பக்கமாக விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. இந்தப் பரப்பில்தான் இரத்தம் பிராணவாயுவை ஏற்றுக் கரியமில வாயுவை இறக்குகிறது. இருதயத்தை நிறுத்தி வைத்துச் சிகிச்சை செய்யும் நேரத்தில், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் வெளியே உள்ள ஒரு யந்திரம் ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்க நாட்டு டாக்டர் ஜான் கிப்பன் என்பவர் 1953-ம் ஆண்டு மே மாதம் 6-ம் தேதி பிலடெல்பியா நகரில் ஓர் இளம்பெண்ணின் இருதயத்திலிருந்த துவாரத்தை அடைத்தபோது இத்தகைய யந்திரம் முதன்முதலாக வெற்றியுடன் உபயோகிக்கப்பட்டது. அந்த நேரம் முழுவதும் நுரையீரல்கள் பெரும்பாலும் காற்றின்றிச் சுருங்கிக் கிடக்கும். யந்திரத்தின் குழாய்களில் சுற்றிவந்த இரத்தம் உடலெங்கும் ஒருவித அழற்சியை உண்டாக்குவதால் நுரையீரலில் சிறிது நீரும் கோத்துக்கொள்ளும். இடது மார்பின் உட்புறத்திலுள்ள இரத்தக் குழாயைப் பிரித்தெடுத்து மாற்றுப் பாதை அமைக்கும் சிகிச்சையில், இடப்பக்க நுரையீரலின் அடிப்பாகம் இன்னும் கூடுதலாகத் தொல்லைப்படும். சிலருக்கு உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் சிகிச்சையின்போது உண்டாகும் குளிர்ச்சியால் சில காலம் மந்தப்படுவது உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மார்பெலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். வலிக்குப் பயந்து நோயாளி ஆழ்ந்த மூச்சும் இழுப்பதில்லை, இருமுவதும் இல்லை.

இதன் விளைவு என்ன? சுருங்கிய காற்றுப் பைகள் அப்படியே ஒட்டிக்கொள்கின்றன. இது நெசவாளருக்கு விளங்காத செய்தியன்று. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டபின், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி அது காயும் வரையில் விடாமல் வாரிக் கொடுக்கிறோம். ஒட்டவிட்டுக் காய்ந்த பின்னர்ப் பிரிக்க முயன்றால் வேலையும் அதிகம், இழையும் அறும். காற்றுப் பைகளும் அவ்வாறே. ஒட்டிப்போனதைத் திறக்கப் பெரும் பலம் வேண்டும். ஒட்டாமல் காப்பதற்குச் சிறு பலம் போதும். ஒட்டிய பைகளில் சளி தேங்கினால் நுரையீரல் சன்னி வருவதற்கும் அது வழியாகும்.

பிராணவாயுவை மட்டும் அதிகமாகக் கொடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும், மடை அடைத்துக் கிடக்கும் பாத்திக்கு அது போய்ச் சேராது. மடையைத் திறந்து வைப்பதற்குச் சிறிது அழுத்தம் தேவை. முகமூடி யந்திரம் தருவது அந்த அழுத்தத்தைத்தான்.

டாக்டர்கள் ‘சி-பாப்’ என்று சொல்லும் முறையில், மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் ஒரே அளவான மெல்லிய அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். மூச்சு முழுதும் வெளியேறும் தருணத்திலும் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இது காக்கிறது. ‘பை-பாப்’ என்ற முறையில் இரண்டு அழுத்தங்கள் உண்டு: உள்ளிழுக்கும்போது கூடுதல், வெளிவிடும்போது குறைவு. மூச்சிழுத்துக் களைத்துப் போனவருக்கும், கரியமில வாயு தேங்குகிறவருக்கும் இது ஏற்றது. அழுத்தத்தின் அளவை நீர்மட்டத்தின் சென்டிமீட்டரில் குறிப்பார்கள். சி-பாப் முறையில் பெரும்பாலும் 5 முதல் 10 வரை வைப்பது வழக்கம். 10 சென்டிமீட்டர் என்றால், அரைச் சாண் ஆழத் தண்ணீருக்குள் ஒரு குழலை நுழைத்து ஊதினால் குமிழி வருவதற்கு வேண்டிய பலத்தைவிடக் குறைவே. இவ்வளவு மெல்லிய காற்றா ஓர் உயிரைத் தாங்குகிறது என்று வியப்பாக இருக்கிறது.

இதனால் இருதயத்துக்கும் ஓர் அனுகூலம் உண்டு. மார்புக்குள் அழுத்தம் சற்று உயர்வதால் இருதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தின் சுமை குறைகிறது. பலவீனமான இடது கீழறை இரத்தத்தை வெளியே தள்ளுவதும் எளிதாகிறது. இதே காரணத்தால், இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்திருப்பவருக்கு இந்த உதவியை மிக ஜாக்கிரதையாகவே கொடுப்பார்கள்.

மூன்றாவதாக ஒரு முறையும் இப்போது பரவியிருக்கிறது. இதில் முகமூடி கிடையாது. மூக்கில் பொருத்திய மெல்லிய இரட்டைக் குழல் வழியே, வெதுவெதுப்பாக்கி ஈரமூட்டிய காற்றும் பிராணவாயுவும் நிமிடத்துக்கு 50, 60 லிட்டர் வரையில் செல்லும். நோயாளி பேசலாம், நீர் பருகலாம். இருதயம் அல்லது மார்பில் ரண சிகிச்சை பெற்று மூச்சுத் தொல்லை கண்ட, அல்லது காணக்கூடிய 830 பேரைப் பிரான்ஸ் தேசத்து ஆஸ்பத்திரிகளில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த மூக்குக் குழலும் மற்றதற்குப் பை-பாப் முகமூடியும் கொடுத்துப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை பலிக்காமற் போனவர்கள் குழல் பிரிவில் நூற்றுக்கு 21.0, முகமூடிப் பிரிவில் 21.9. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. முகமூடி அணிந்தவர்களுக்குத் தோல் புண்ணாவது மட்டும் அதிகமாயிருந்தது. ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரருக்கு முகமூடியும் நம்மவருக்கு மூக்குக் குழலும் வைத்திருந்தால், நமக்கு மட்டமான வைத்தியம் நடக்கிறது என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இதே கணக்கில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. எந்த முறையானாலும் ஐந்தில் ஒருவருக்கு அது போதவில்லை. இது மறைக்கத்தக்கதன்று, இக்கட்டுரையில் மிகவும் முக்கியமான இடம் இதுவே எனலாம். முகமூடி வைத்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் மூச்சின் வேகம் தணிய வேண்டும். இரத்தப் பரிசோதனையில் வாயுக்களின் அளவு சீர்பட வேண்டும். நோயாளியின் முகத்தில் களைப்புக் குறைய வேண்டும். அவ்வாறு ஆகாவிடில் மீண்டும் தொண்டைக் குழாய் வைத்துப் பெரிய யந்திரத்தோடு இணைப்பதே முறை. அதைத் தள்ளிப்போடுவது நோயாளிக்குத் தீங்கு என்பது வைத்திய உலகம் அனுபவத்தில் கண்டது. “குழாய் மட்டும் வேண்டாம், முகமூடியிலேயே வைத்திருங்கள்” என்று உறவினர் மன்றாடுவது அன்பினால்தான். ஆயினும் அந்த மன்றாட்டு நோயாளிக்கு எதிராகவே முடியக்கூடும். ரண சிகிச்சை நல்லபடி நடந்து, இடையில் நுரையீரல் மட்டும் களைத்தவர் சில நாட்கள் குழாயில் இருந்து மீள்வது சாதாரணமாக நடப்பதே. நினைவற்றிருப்பவர், வாந்தி எடுப்பவர், சளியை வெளியேற்ற முடியாதவர், நுரையீரலுக்கு வெளியே மார்பினுள் காற்றுக் கசிந்து அது இன்னும் வெளியேற்றப்படாதவர் ஆகியோருக்கு முதலிலிருந்தே முகமூடி பொருந்தாது.

இந்த உதவியின் வரலாறு சுவையானது. மூச்சுக்கு உதவிய முதல் பெரிய யந்திரம் தொண்டைக்குள் எதையும் செருகவில்லை. 1928-ல் பாஸ்டன் நகரில் பிலிப் டிரிங்கர் அமைத்த ‘இரும்பு நுரையீரல்’ ஓர் உருளைப் பெட்டி. தலையை மட்டும் வெளியே விட்டு உடல் முழுவதையும் அதனுள் வைத்து, பெட்டியின் காற்றை இழுத்தும் விட்டும் மார்பை விரியச் செய்தார்கள். இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தைகள் பலரை அது காத்தது. 1936-ல் லண்டன் டாக்டர் பூல்டன் என்பவர், இருதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு முகமூடி வழியே அழுத்தக் காற்றைக் கொடுத்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது வீட்டில் தூசு உறிஞ்சும் மின்யந்திரத்தின் மோட்டார்! 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன், தூக்கத்தில் மூச்சு அடைபடுவோருக்கு மூக்கு வழியே இதே உதவியைக் கொடுத்தபோதும் அத்தகைய மோட்டார்தான் கைகொடுத்தது. இன்றைய சி-பாப் யந்திரங்கள் அவருடைய முறையின் வழிவந்தவை.

நடுவே 1952-ல் கோபன்ஹேகன் நகரில் நிகழ்ந்ததைக் கூட்டுறவாளராகிய நாம் சிறப்பாக நினைக்கலாம். இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவி, மூச்சு நின்றுபோகும் நிலையில் நோயாளிகள் வந்து குவிந்தனர்; யந்திரங்களோ மிகச் சில. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கியே காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார். அமுக்குவதற்குக் கைகள் வேண்டுமே! சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் நோயாளிகளின் பக்கத்தில் அமர்ந்து வாரக் கணக்கில், மாதக் கணக்கில் அமுக்கிக் கொடுத்தார்கள். இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அங்கேதான் என்பர்.

நம் நாட்டில், அதிலும் சென்னை நகரில், இருதய ரண சிகிச்சைக்கு நீண்ட மரபு உண்டு. இரத்தக் குழாய் அடைப்புக்கு மாற்றுப் பாதை அமைக்கும் சிகிச்சையை இந்தியாவில் முதலாவதாக 1975-ல் பெரம்பூர் ரெயில்வே ஆஸ்பத்திரியில் செய்தவர் டாக்டர் கே. எம். செரியன், அவர் 2025 ஜனவரியில் காலமானார். இப்போது நகரின் நடுவிலும் தெற்கிலும் இவ்வசதி பரவியிருக்கிறது. மயிலாப்பூரை அடுத்த ஆழ்வார்ப்பேட்டையிலும் அடையாற்றிலும் தனியார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அரசாங்கத்தின் சார்பில், சட்டமன்றத்துக்கென்று எழுப்பிய கட்டடத்தில் 2014-ல் ஓமந்தூரார் தோட்டத்துப் பன்னோக்கு உயர் சிகிச்சை ஆஸ்பத்திரி தொடங்கியது. உழவர் குடியில் பிறந்து 1947 முதல் 1949 வரை இம்மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் பெயரைத் தாங்கிய இடம் அது. கிண்டியில் 1,000 படுக்கைகளுடன் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு ஆஸ்பத்திரி 2023 ஜூன் 15-ல் திறக்கப்பட்டது. பட்டுச் சரக்கோடு தியாகராய நகருக்கு வந்து பழகிய காஞ்சீபுரம், ஆரணி நெசவாளருக்குக் கிண்டி தூரமானதன்று.

செலவைப் பற்றி ஒரு சொல். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். இருதய ரண சிகிச்சை அதில் அடங்கும். வருமானச் சான்றையும் குடும்ப அட்டையையும் கொண்டு இதற்கான அட்டையை நோய் வருமுன்னரே பெற்று வைப்பது நல்லது. நெஞ்சுவலி கண்ட பின்னர் தாலுகா ஆபீஸில் வரிசையில் நிற்பது கொடுமை. உடல் நலமாயிருக்கும்போதே குடும்பங்கள் தத்தம் வருமானத்துக்கேற்பச் சிறு தொகை கட்டி, நோய் வந்தபோது அதன் பயனைப் பெற வேண்டும் என்ற கருத்தை டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-ல் தோற்றுவித்த வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் ஸ்தாபனத்தின் மூலம் அடையாற்றுப் பக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார் என்பதையும் இங்குக் குறிப்பிடலாம். நம் சங்கங்களின் தத்துவமும் அதுவேயன்றோ?

முகமூடி தேவைப்படாமலே மீளும் வாய்ப்பை நோயாளி தாமும் ஓரளவு கூட்டிக்கொள்ளலாம். ஹாலந்து தேசத்தின் உட்ரெக்ட் நகரில், மாற்றுப் பாதைச் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களுள் நுரையீரல் தொல்லைக்கு அதிகம் உள்ளாகக்கூடிய 279 பேரில் ஒரு பாதியினருக்குச் சிகிச்சைக்கு முன் குறைந்தது இரண்டு வாரம் மூச்சுத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவருள் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதவருள் 35 பேருக்கும் நுரையீரல் தொல்லை வந்ததாக 2006-ல் வெளியிட்டனர். மருந்தின்றிக் கிடைத்த பலன் இது.

நம் மருந்துக் கடைகளில் மூன்று பந்துகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் கருவி விற்கிறார்கள். டாக்டர்களும் அதை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கியவரில் பலர் அதைக் குழந்தைகளின் ஊதல் போல ஊதிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஊதக்கூடாது. வாயில் வைத்துக் காற்றை மெதுவாக உள்ளே உறிஞ்ச வேண்டும். பந்து மேலே எழுந்ததும் மூச்சை இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, பிறகு விட வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்துத் தடவை என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பீடி, சுருட்டு, சிகரெட் பழக்கமுள்ளவர்கள் சிகிச்சைக்கு நான்கு வாரங்கள் முன்னராவது அறவே நிறுத்திவிட வேண்டும். பஞ்சாலையில் பஞ்சு அடிக்கும் பகுதியில் நெடுநாள் வேலை செய்தவர்கள் அதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று இருக்கலாகாது. இரவில் உரக்கக் குறட்டைவிட்டு இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்களும் அப்படியே. வீட்டில் சி-பாப் யந்திரம் உள்ளவர் அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வது உத்தமம்.

முகமூடி வைத்த பின்னர் செய்யத்தக்கவை சிலவே. முதற் சில நிமிஷங்கள் மூச்சு முட்டுவது போலத் தோன்றும், உண்மையில் முட்டுவதில்லை. நர்ஸ் அம்மையார் முதலில் வாரால் கட்டாமல் கையால் பிடித்துக் காட்டினால் பயம் தெளியும். அவ்வாறு செய்யும்படி கேட்பதில் தவறில்லை. யந்திரத்தோடு போராடாமல், காற்று வரும்போது அதை ஏற்று, நின்றதும் விட்டால் ஐந்தாறு மூச்சில் பழகிவிடும். அடர்ந்த தாடி இருந்தால் காற்றுக் கசியும். வாய் உலர்வதும் வயிறு காற்றால் உப்புவதும் உண்டு. மூக்குத் தண்டில் வலித்தால் உடனே சொல்ல வேண்டும், புண்ணான பின்னர் அன்று. உறவினர்கள் ஒருபோதும் முகமூடியைத் தூக்கிப் பாலோ கஞ்சியோ புகட்டக்கூடாது. அழுத்தக் காற்று அந்த உணவை மூச்சுக்குழலுக்குள் தள்ளிவிடும். டாக்டர்கள் ஆங்கிலச் சொற்களை அடுக்கிக்கொண்டு போனால், தமிழில் விளக்கும்படி பணிவாகவும் விடாமலும் கேட்கலாம். “இது துணையாக வைத்ததா, எத்தனை மணி நேரத்தில் பார்ப்பீர்கள், போதாவிட்டால் அடுத்தது என்ன?” என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டால், நள்ளிரவில் கையொப்பம் கேட்கும்போது மனம் தடுமாறாது. குடும்பத்தில் முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் ரண சிகிச்சைக்கு முந்தைய நாளே பேசி வைத்துக்கொள்வது பெரிய சௌகரியம்.

வீடு திரும்பியபின் இருமல் வந்தால் அடக்க வேண்டாம். ஒரு தலையணையை மார்போடு இறுக அணைத்துக்கொண்டு இருமினால் எலும்பு அசையாது, வலியும் குறையும். மார்பெலும்பு நன்றாகக் கூடுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். அதுவரையில் குழித்தறியில் அமர்ந்து நாடாக் கயிற்றை வெட்டி இழுப்பதும், மூட்டை தூக்குவதும், மண்வெட்டி பிடிப்பதும் ஆகா. பந்துக் கருவியையும் நடைப் பயிற்சியையும் டாக்டர் சொல்லும் வரையில் விடக்கூடாது. படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், காய்ச்சலோடு சளி, இரண்டு மூன்று நாளில் எடை திடீரென ஏறுதல் இவற்றுள் எது கண்டாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.